போக்கர் சிப் வைக்க எந்தப் பெட்டி? கேள்வி பதில்

மாதம் ஒருமுறை நண்பர்கள் வீட்டில் கூடி போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடுவோம். அதில் பணத்துக்குப் பதிலாக மேஜையில் வைக்கிற, மதிப்பு குறித்த வட்ட வில்லைதான் சிப். சிப்களைத் தூக்கிக்கொண்டு அலைகிற வேலை பத்து வருடமாக என்னுடையது. அந்த அனுபவத்தில், வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டில் “சிப்ஸ் டப்பா எங்கே?” என்று கேட்டால் இன்றும் நேந்திரங்காய் வறுவல்தான் வருகிறது, அது வேறு கதை.

அண்ணா, இப்போது 300 சிப் வாங்குகிறேன். 500 கொள்ளும் பெட்டியாகவே வாங்கி வைத்தால் பின்னால் உதவுமே? (கோவை)

உதவாது தம்பி. பெட்டிக்குள் காலி இடம் இருந்தால் சிப் சாயும், சரியும், ஒன்றோடொன்று உரசும். கீழே விழுந்து உடைந்த சிப்பை நான் பார்த்ததே இல்லை. பெட்டிக்குள் உரசியே ஓரம் மழுங்கி, ஸ்டிக்கர் தேய்ந்த சிப்கள் என்னிடமே இருக்கின்றன.

அப்புறம் எடை. ஒரு சிப் 11.5 கிராம் என்றால் 500 சிப் 5.75 கிலோ. 14 கிராம் சிப் என்றால் 7 கிலோ. பெட்டியின் எடை தனி. ஆறு பேருக்கு ஆளுக்கு 50 வைத்தால் 300 தாராளம். பின்னால் 200 சேர்ந்தால் இன்னொரு சின்னப் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கலாம்.

எல்லாச் சிப்பும் 39 மி.மீ. தானே? எந்தப் பெட்டியிலும் பொருந்தும் இல்லையா?

விட்டம் பெரும்பாலும் 39 மி.மீ. தான். பெரிய மதிப்புச் சிப்கள் சில 43 மி.மீ. வரும், அவை பெட்டிக்குள் 39-க்கு வெட்டிய பள்ள வரிசையில் உட்காராது. ஆனால் வம்பு விட்டத்தில் இல்லை, தடிமனில். ஒரு சிப் 3.3 மி.மீ. என்றால் 50 சிப் வரிசை 165 மி.மீ. அதுவே 3.5 என்றால் 175. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்! 165-க்கு வெட்டிய வரிசையில் தடித்த சிப் 47 போனதும் அடைத்துக்கொள்ளும். மீதி மூன்றைக் கட்டைவிரலால் அழுத்தித் திணிப்போம், எடுக்கும்போது நகம் பெயரும். மெல்லிய சிப் என்றால் கடகடவென்று ஆடும்.

அதனால் முதலில் 20 சிப்பை அடுக்கி, ஸ்கேல் வைத்து உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் “எத்தனை சிப் பிடிக்கும்?” என்று கேட்காமல் “வரிசை உள்ளே எத்தனை மி.மீ.?” என்று கேளுங்கள்.

அலுமினியப் பெட்டி, கெட்டிப் பிளாஸ்டிக், மரம்: எது நல்லது? (மதுரை)

செட்டோடு சேர்ந்து வருகிற வெள்ளிநிறப் பெட்டியை முழு அலுமினியம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் உள்ளே மரத்தூள் பலகை, மேலே மெல்லிய தகடு, மூலையில் ரிவெட். பார்க்கக் கம்பீரம்தான். என்னுடையது மூன்றாவது மாடிப் படியில் கைப்பிடி பிடுங்கிக்கொண்டு போனது. கைப்பிடி என் கையில், பெட்டி கீழ்ப்படியில், சிப்கள் தரைத்தளம் வரை. எதிர்வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டார். அலமாரியை விட்டு நகராத பெட்டி என்றால் அலுமினியம் போதும். தூக்கிக்கொண்டு போவதென்றால் 200, 300-க்கு மேல் அதில் வேண்டாம்.

வெளியே எடுத்துச் செல்ல என் தேர்வு, கேமரா வைக்கிற கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி. பெலிகன் கம்பெனிப் பெட்டி மாதிரி விலை உயர்ந்தது இல்லாவிட்டாலும், டூல்ஸ் கடையில் கிடைக்கிற சின்னப் பெட்டி ஒன்று போதும். மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கிறதா, கைப்பிடி ஆணி பெட்டியின் உடம்புக்குள்ளேயே போகிறதா என்று மட்டும் பாருங்கள். மரப்பெட்டி அழகு, வரவேற்பறையில் இருக்கட்டும்.

பெசன்ட் நகரில் கடலுக்குப் பக்கம் வீடு. பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் பிசுபிசுவென்று உதிர்ந்து சிப்பில் ஒட்டுகிறது. ஏன்?

அது பாலியூரிதேன் ஸ்பாஞ்ச். காற்றின் ஈரத்தில் சில வருடங்களில் தானாகவே சிதைந்து பொடியாகும், நீங்கள் ஒன்றும் தப்பு செய்யவில்லை. மொத்தமாகப் பிய்த்து எறிந்துவிட்டு, ஈவிஏ ஷீட் வாங்கி வெட்டிப் போடுங்கள். ஹவாய் செருப்பின் அடிப்பாகம் போல இருக்குமே, அந்த ஜாதி. சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே போடுங்கள். துடைத்த சிப்பை ஈரம் போகாமல் மூடி வைக்காதீர்கள். உப்புக்காற்றில் முதலில் துருப்பிடிப்பது கீலும் கொக்கியும்தான், மாதம் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

என்னிடம் இருப்பது களிமண் கலவைச் சிப். ஓரம் உடைகிறது. (சிங்கப்பூர்)

அவை எடை குறைந்தவை, 8 முதல் 10 கிராம்தான் இருக்கும். உலோகத் தகடு வைத்து எடை கூட்டிய பிளாஸ்டிக் சிப்பை “கேசினோ எடை” என்று விற்கிறார்கள். அசல் கேசினோச் சிப் பல அதைவிட லேசு! உங்களுக்கு அக்ரிலிக் ரேக்தான் சரி, அதாவது சிப்பை வரிசையாக அடுக்குகிற கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் தட்டு. ஐந்து வரிசை, வரிசைக்கு 20, ஆக 100 சிப். ஒரு ரேக் சுமார் 21 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம். மூன்றை அடுக்கிச் சின்னக் கெட்டிப் பெட்டிக்குள் இறக்கி, சுற்றி ஈவிஏ கொடுங்கள். இதைவிட அடக்கமாக 300 சிப்பை வைக்க எனக்குத் தெரிந்து வழியில்லை.

செலவில்லாமல் பிவிசி பைப்பில் வைக்கலாமா? 40 மி.மீ. பைப் வாங்கினேன், சிப் நுழையவில்லை!

நுழையாது. 40 என்பது வெளிவிட்டம், உள்ளே 39-க்கும் குறைவுதான். பிளம்பிங் கடையில் ஒன்றரை அங்குல யூபிவிசி, ஷெட்யூல் 40 என்று கேளுங்கள். உள்விட்டம் 40 மி.மீ.-க்குச் சற்று மேல், சிப் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஷெட்யூல் 80 கொடுத்தால் வேண்டாம், அதன் சுவர் தடிமன், உள்ளே 38 தான் இருக்கும். ஒரு சிப்பைப் பையில் போட்டுக்கொண்டு போய் விட்டுப் பார்த்து வாங்குவது உத்தமம். வெட்டிய ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரு பக்கமும் எண்ட் கேப் மாட்டுங்கள். ஒட்டிவிடாதீர்கள்.

விமானத்தில் கொண்டுபோகலாமா? (துபாய்)

கொண்டுபோகலாம். கைப்பையில் 7 கிலோதான் அனுமதி என்றால் 200 சிப்போடு நிறுத்துங்கள். தகடு வைத்த சிப் எக்ஸ்ரேயில் கனத்த உருளையாகத் தெரியும், திறந்து காட்டச் சொல்லலாம். எளிதில் திறக்கும்படி மேலாக வையுங்கள். காற்றுப் புகாத பெட்டி என்றால் அழுத்தத்தைச் சமன் செய்யும் வால்வு உள்ளதாக எடுங்கள். இல்லாவிட்டால் இறங்கிய பிறகு மூடி இறுகிக்கொண்டு திறக்க வராது.

சீட்டுக்கட்டு வைக்கவும் இடம் வேண்டுமே?

போக்கர் அளவு சீட்டு 63 மி.மீ. அகலம், பிரிட்ஜ் அளவு 57. சில பெட்டிகளின் பள்ளம் 57-க்குத்தான் வெட்டியிருக்கும். உங்கள் சீட்டுக்கட்டை அதன் அட்டைப்பெட்டியோடு வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பெட்டியைக் கார் டிக்கியிலேயே வைத்திருக்கலாமா?

மே மாத வெயிலிலா? களிமண் சிப் வளைந்துவிடும். வளைந்ததை மேஜையில் வைத்தால் பம்பரம் மாதிரி சுற்றும். வீட்டுக்குள் எடுத்துப் போங்கள், கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கும்.