மரண தண்டனைக்கு முன் ஒரு நூல்: போயீத்தியஸ் பற்றிக் கேள்வி பதில்

வேலை போய் நாலு மாதம். போயீத்தியஸைப் படி என்கிறார் நண்பர். யார் அவர்? படித்தால் என்ன கிடைக்கும்?

வேலை கிடைக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரும் வேலை போனவர்தான். ரோமப் பிரபு, இத்தாலியை ஆண்ட தியோடொரிக் மன்னனின் உயர் அதிகாரி. கி.பி. 522-இல் இரண்டு மகன்களும் ஒன்றாகக் கான்சல் என்ற உயர் பதவி ஏற்றதைக் கண்குளிரப் பார்த்தார். அப்புறம் அல்பினஸ் என்ற செனட்டருக்காகப் பரிந்து பேசப்போய், ராஜதுரோகப் பழி இவர் தலையில் விழுந்தது. சிறை, 524 வாக்கில் மரண தண்டனை. இடையில் எழுதியதுதான் ‘தத்துவத்தின் ஆறுதல்’.

தொடக்கத்தில் கைதி அழுதுகொண்டே கவிதை எழுதுகிறார். தத்துவம் ஒரு பெண்ணாக வருகிறாள். பக்கத்தில் நிற்கும் கவிதைத் தேவதைகளை, “நோயாளிக்குத் தித்திப்பில் விஷம் கொடுக்கிறீர்களே” என்கிற தோரணையில் விரட்டுகிறாள். கட்டிலோரம் உட்கார்ந்து தன் ஆடை மடிப்பால் அவர் கண்ணைத் துடைக்கிறாள். அந்த ஆடையே கிழிந்தது. ஆளாளுக்குப் பிய்த்துப் போயிருக்கிறார்கள். எனக்கு நூலில் மிகவும் பிடித்த இடம் அது.

மாமா இறந்து பதினாறுகூடக் கழியவில்லை. அத்தைக்குப் படித்துக் காட்டலாமா?

இப்போது வேண்டாம். நூலில் வரும் தத்துவப் பெண்ணே முதலில் கைதியை முழுக்கப் புலம்ப விடுகிறாள். பிறகு மென்மையான மருந்து, தாங்கும் தெம்பு வந்ததும்தான் கடுமருந்து. அத்தை பேசினால் கேட்டுக்கொண்டிருங்கள், நேரத்துக்குச் சாப்பிட வையுங்கள்.

‘அதிர்ஷ்டச் சக்கரம் சுழலும், எல்லாம் மாறும்’ என்பதுதானே நூல் சொல்வது? பாட்டி சொல்லாததா?

பாட்டி ‘மறுபடி மேலே வருவாய்’ என்பார். தத்துவப் பெண் அப்படிச் சொல்வதில்லை. “ஏறும்போது சம்மதித்தாய், இறங்கும்போது மட்டும் அநியாயமா?” என்று அதிர்ஷ்டத்தின் பக்கமிருந்து வாதாடுகிறாள். நல்ல காலத்தைவிடக் கெட்ட காலமே உபகாரி, உண்மையான நண்பர் யார் என்று காட்டிக்கொடுக்கும் என்கிறாள். நாலு மாதமாக எந்தெந்தப் போன் வரவில்லை என்று முதல் கேள்விக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் கிறிஸ்தவர்தானே? இயேசு எங்கே?

ஆமாம், கிறிஸ்தவத்தின் திரித்துவக் கோட்பாடு பற்றியே எழுதியவர். ஆனால் இந்த நூலில் இயேசு பெயர் இல்லை. அறிவு மட்டும் எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்று பார்த்தார் என்பது என் ஊகம்.

கடைசியில் ஆறுதல் அடைந்தாரா?

ஐந்தாம் பகுதியில், கடவுள் எல்லாம் அறிந்தவர் என்றால் நம் விருப்பத்துக்கு என்ன மதிப்பு என்று கைதியும் தத்துவமும் மல்லுக்கட்டுகிறார்கள். அவள் நீளமாக விளக்கிக்கொண்டே போகிறாள். அவள் பேச்சோடு நூல் முடிகிறது. கைதி பதில் சொல்வதே இல்லை.