சம்பளம் நன்றாக இருக்கும்போது சங்கம் எதற்கு?

கேள்வி: எங்கள் ஆலையில் சம்பளம் குறைவில்லை, மேலாளரும் நல்லவர். ஆனாலும் சிலர் தொழிற்சங்கம் தொடங்கப் போகிறார்கள், என்னையும் அழைக்கிறார்கள். குறையே இல்லாத இடத்தில் சங்கம் எதற்கு? சேர்ந்தால் வேலை போய்விடுமா?

பதில்: உங்கள் மேலாளர் நல்லவராகவே இருக்கட்டும். நாளை அவர் மாற்றலாகிப் போனால்? இப்போது உங்களுக்குக் கிடைப்பவற்றில் எவை எழுத்தில் இருக்கின்றன, எவை அவருடைய நல்ல மனதால் வருகின்றன என்று பிரித்துப் பாருங்கள். வாய்வார்த்தையாக இருப்பதைக் கையெழுத்திட்ட ஒப்பந்தமாக்குவது சங்கத்தின் முதல் வேலை.

சம்பள உயர்வுக்காகத்தான் சங்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், "முடியாது" என்று சொல்லத் தொழிலாளிக்குத் துணை வேண்டும் என்பதே அதைவிடப் பெரிய காரணம். 2013 ஏப்ரல் 23 அன்று வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல்கள் தெரிந்தன. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மறுநாள் காலை ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் உள்ளே அனுப்பப்பட்டார்கள். வராவிட்டால் சம்பளம் கிடையாது என்று மிரட்டல். பயந்தும் தயங்கியும் நின்றவர்கள், வேறு வழியில்லாமல் படியேறினார்கள். கட்டடம் இடிந்து 1,100-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆபத்து அவர்களுக்குத் தெரிந்தேதான் இருந்தது. அங்கிருந்த ஐந்து ஆலைகளில் ஒன்றில்கூடச் சங்கம் இல்லை. அதன் பிறகு உலகத் தொழிற்சங்கங்கள் ஆடை நிறுவனங்களோடு செய்த உடன்படிக்கையில், பாதுகாப்பில்லாத கட்டடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமையும் இடம்பெற்றது.

ஒருவர் விலகினால் நிறுவனத்துக்கு ஓர் ஆள் குறைவு. அவருக்கோ வருமானம் மொத்தமும் போய்விடும். இந்த ஏற்றத்தாழ்வு நல்ல நிறுவனத்திலும் உண்டு.

இனி உங்கள் பயம். சங்கம் அமைக்கும் உரிமையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87-ஆம் உடன்படிக்கை (1948) சொல்கிறது. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலைநீக்கம் செய்வதற்கு எதிரான பாதுகாப்பு 98-ஆம் உடன்படிக்கையில் (1949) இருக்கிறது. உங்கள் நாடு இவற்றை ஏற்றிருக்கிறதா, உள்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் கேளுங்கள். சட்டம் இருந்தும் பழிவாங்கல் நடப்பதுண்டு, குறிப்பாகத் தொடக்க நாட்களில். ஆகவே சங்க வேலையை வேலை நேரத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவில் குறை சொல்ல இடம் கொடுக்காதீர்கள். நிர்வாகம் தரும் எந்தக் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

சந்தா கட்டுமுன் சங்கத்தின் விதிகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். நிர்வாகிகளை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்களா, கணக்கு பொதுக்குழுவில் வைக்கப்படுகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், அவற்றை விதியில் சேர்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.