கத்தி பட்டால் பரவுமா?

அன்புள்ள டாக்டர்,

என் அம்மாவுக்கு நாக்கின் ஓரத்தில் ஒரு புண் ஆறாமலே இருந்தது. அதில் ஒரு சின்னத் துண்டை வெட்டிச் சோதனைக்கு (பயாப்சி) எடுத்தார்கள், புற்றுநோய் என்று வந்துவிட்டது. "கத்தி வைத்துவிட்டீர்கள், இனிப் பரவிவிடும்" என்று சொந்தக்காரர்கள் சொல்லச் சொல்ல, நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று தூக்கம் வருவதில்லை. ஸ்கேனில் கழுத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் கழுத்து நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகளையும்) சேர்த்து எடுக்க வேண்டும் என்கிறார் சர்ஜன். ஒன்றும் இல்லாத இடத்தில் எதற்குக் கை வைக்க வேண்டும்?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். பயாப்சிக்குச் சம்மதித்ததுதான் நீங்கள் உங்கள் அம்மாவுக்குச் செய்த பெரிய உதவி.

நான் பல வருடங்களாக இப்படிப்பட்ட திசுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவன். நாக்கின் மேல்படலத்தில் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு அடுக்கடுக்காக நிற்கும். அந்தப் பிடியில் முக்கியமானது ஈ-கேதரின் என்ற புரதம். செல்சவ்வின் குறுக்கே நிற்கும் அது, வெளிமுனையால் பக்கத்துச் செல்லின் கேதரினைப் பிடிக்கும். உள்முனையால் தன் செல்லின் உள்இழைகளோடு பிணைந்திருக்கும். கால்சியம் இருக்கும்வரைதான் இந்தப் பிடி. அதை நீக்கினால் செல்கள் உதிரியாகப் பிரிந்துவிடும். இதைத் துலக்கியவர் ஜப்பானின் மசாதோஷி தாகெய்ச்சி.

ஈ-கேதரினுக்குச் சாயம் ஏற்றிய ஸ்லைடில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்புக் கோடு ஓடும், தேன்கூடு மாதிரி. கட்டியின் நடுப்பகுதியில்கூடப் பல நேரம் அந்தக் கோடு இருக்கும். கட்டி ஆழத்தில் இறங்கும் விளிம்புக்கு ஸ்லைடை நகர்த்தினால் கோடு மங்கும், விட்டு விட்டுத் தெரியும், அப்புறம் இல்லாமலே போகும். அங்கே இரண்டு மூன்று செல்கள் கூட்டத்திலிருந்து கழன்று தசைநார்களுக்கு நடுவே நிற்கும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் என் கை நின்றுவிடும். யோசித்துப் பாருங்கள்: வெட்டியெடுத்த துண்டுக்குள்ளேயே இந்தக் காட்சி இருக்கிறது என்றால், கத்தி வருவதற்கு முன்பே அவை கழன்றுவிட்டன.

கழன்றால் போதாது, நகரவும் வேண்டும். அதற்கு இன்டெக்ரின்கள் இருக்கின்றன. இவையும் சவ்வில் பதிந்த புரதங்கள்தான். செல் தன்னைச் சுற்றியுள்ள நார்களைப் பற்றிக்கொள்ள உதவுபவை. இவற்றில் ஆல்ஃபா-வி பீட்டா-6 என்ற ஒன்று நல்ல நிலையில் உள்ள வாய்ப் படலத்தில் கிட்டத்தட்ட இருக்காது. காயம் பட்டால் தோன்றும், ஆறியதும் மறைந்துவிடும். வாய்ப் புற்றில் அது மறைவதே இல்லை. காயம் ஆற உடம்பு வைத்திருக்கும் ஏற்பாட்டையே புற்று எடுத்துக்கொள்கிறது. எனக்கு இதில்தான் மனசு ரொம்ப வலிக்கும். கூடவே, எம்எம்பி-14 என்று சவ்விலேயே ஒரு நொதி உண்டு. எதிரே வரும் கொலாஜனை அறுத்து வழி விடும். வெளியிலிருந்து வரும் வளர்ச்சிச் சைகையை வாங்கும் ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி பெரும்பாலான வாய்ப் புற்றுகளில் அளவுக்கு மீறி இருக்கும். வளரவும் நகரவும் தூண்டும். அதைத் தடுக்கும் செடுக்சிமாப் மருந்துக்குத் தலை, கழுத்துப் புற்றுக்கென்று 2006இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சரி, கழுத்துக்கு வருவோம். நாக்கில் நிணநீர்க் குழாய்கள் நிறைய. கழன்ற செல்கள் போய்ச் சேரும் முதல் இடம் கழுத்து நெறிதான். ஒரு நெறிக்குள் சில நூறு செல்கள் தங்கியிருந்தால் எந்த ஸ்கேனும் காட்டாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, ஆரம்ப நிலை வாய்ப் புற்றுக்காரர்களில் முதலிலேயே கழுத்து நெறிகளை எடுத்தவர்களையும், நெறி கட்டிய பிறகு எடுத்தவர்களையும் ஒப்பிட்டு 2015இல் முடிவை வெளியிட்டது. 3 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 80 சதவீதம், இரண்டாவதில் 67.5. உங்கள் சர்ஜன் சொல்வது இதைத்தான். தாமதிக்காமல் தேதி வாங்குங்கள்.

அறுவைக்குப் பிறகு வரும் ரிப்போர்ட்டில் கட்டி இறங்கிய ஆழம் மில்லிமீட்டரில் இருக்கும், எத்தனை நெறிகளில் புற்று இருந்தது என்பதும் இருக்கும். அந்த இரண்டையும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து படிப்போம்.