பதில்: அபராத யார்டுகளின் கூட்டுத்தொகை
வணக்கம். இரு அணிகளின் அபராத யார்டுகளையும் (தவறுக்குத் தண்டனையாக ஓர் அணி இழக்கும் தூரம்) கூட்டிப் பார்த்தபின்பும், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வெற்றி தோல்விக்கான காரணம் விளங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தொகையைவிடத் தவறு நிகழ்ந்த தருணமே முக்கியம் என்பது என் கருத்து. 2020 டிசம்பர் 12 அன்று, ஆட்டம் 34-34 எனச் சமநிலையில் இருந்தபோது, லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியின் மூன்றாவது முயற்சியைப் (பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு) புளோரிடா அணி தடுத்துவிட்டது. ஆனால் அதன் வீரர் ஒருவர், மகிழ்ச்சி மிகுதியில், எதிரணியினரின் கழன்ற காலணியைத் தூக்கி எறிந்தார். (திறமைக்குக் குறைவில்லை, நிதானத்துக்குத்தான்!) அதற்கு விதிக்கப்பட்ட 15 யார்டுகளைவிட, அத்துடன் எதிரணிக்குத் தானாகவே கிடைத்த புதிய முதல் முயற்சிதான், அதாவது மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைத்ததுதான், பேரிழப்பு. பந்தை உதைத்து விட்டுக்கொடுக்கும் நிலையிலிருந்த லூசியானா அணி தொடர்ந்து முன்னேறி, 23 நொடிகள் மீதமிருக்கையில் 57 யார்டு தொலைவிலிருந்து உதைத்து மூன்று புள்ளிகள் பெற்று, 37-34 என வென்றது. ஆகவே, ஒவ்வொரு அபராதமும் எத்தனையாவது முயற்சியில் விதிக்கப்பட்டது என்பதையும் உங்கள் பட்டியலில் சேர்த்துப் பாருங்கள்.