சூப்பும் லெக்கர், தூக்கமும் லெக்கரா?

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "டச்சு மொழியில் 'லெக்கர்' என்றால் 'சுவையான' என்று அகராதி சொல்கிறது. என் வீட்டுக்காரப் பாட்டியோ வெயிலைப் பார்த்து லெக்கர் என்கிறார். இரவில் 'ஸ்லாப் லெக்கர்' (நன்றாகத் தூங்கு) என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறார். நான் இதை எங்கெல்லாம் சொல்லலாம்?"

அகராதி பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திக்கொண்டது. லெக்கர் நாக்கில் பிறந்த சொல். டச்சில் நக்குவதற்கு 'லிக்கன்' என்று பெயர். இரண்டும் ஒரே குடும்பம். இடைக்கால டச்சில் 'லெக்கர்' பெயர்ச்சொல்லாகவும் வழங்கியது. பொருள்: சாப்பாட்டுராமன். இன்னும் ஆழத் தோண்டினால் சம்ஸ்கிருதத்தின் 'லிஹ்' என்ற வேரும் இதே இந்தோ-ஐரோப்பிய மூலத்தைச் சேர்ந்தது. அதிலிருந்து வந்த 'லேஹ்யம்'தான் தீபாவளியன்று பாட்டி உருட்டிக் கொடுக்கும் நம் லேகியம். ஆக, லெக்கரும் லேகியமும் தூரத்துப் பங்காளிகள்.

நாக்கு அனுபவித்த சுகம் பிறகு உடம்பு முழுவதற்கும் பரவிவிட்டது. இதமான வெயில், கதகதப்பான போர்வை, நல்ல உறக்கம் எல்லாமே லெக்கர். உடம்பு சரியில்லாவிட்டால் 'நீட் லெக்கர்'. "பென் யெ வெல் லெக்கர்?" என்று யாராவது முறைத்தால் நலம் விசாரிக்கவில்லை, "புத்தி கித்தி பேதலித்துவிட்டதா?" என்கிறார். முக்கியமென்று நீங்கள் நினைக்கும் ஒன்றை "லெக்கர் பெலாங்ரெய்க்" (ரொம்ப முக்கியம்தான்!) என்று உதறினால் அது சுத்த நக்கல். நக்குவதற்கும் நையாண்டிக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

ஒரே ஓர் இடத்தில் கவனம் தேவை. மனிதர்களை லெக்கர் என்று சொல்லாதீர்கள். அது உடல் கவர்ச்சியைப் பற்றிய பேச்சாகிவிடும், அலுவலகத்தில் விபரீதம். சமைத்தவரைப் பாராட்ட வேண்டுமா? "ஹெட் இஸ் லெக்கர்" என்று உணவைச் சொல்லுங்கள், ஆளை அல்ல. ஓவியம், இயற்கைக் காட்சி போன்றவற்றுக்கு 'மோய்' இருக்கிறது. அழகு என்று பொருள்.

பாட்டி இன்றிரவு "ஸ்லாப் லெக்கர்" என்றால் "யூ ஓக்" என்று சொல்லுங்கள். "உங்களுக்கும்" என்பதன் மரியாதை வடிவம் அது.