சக்கர நாற்காலிக்குத் தோட்டம் போட 3.5 லட்சமா?

கேள்வி: முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் எட்டுப் பேருக்குப் பகல்நேர மையம் நடத்துகிறோம். அறக்கட்டளை தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. 'தெரபி கார்டன்' (சிகிச்சைத் தோட்டம்) அமைக்க 3.5 லட்சம் ஆகும், சிஎஸ்ஆர் நிதியில், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணத்தில், வாங்கித் தருகிறேன், முன்பணம் 40,000 கொடுங்கள் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சிஎஸ்ஆர் பணம் நேரடியாக வாங்க, அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு இருக்க வேண்டும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் பதிந்திருக்க வேண்டும். அதே வகைப் பணியில் மூன்று வருட அனுபவமும் வேண்டும். உங்களுக்கு இரண்டு வருடம்தான். அவருக்கும் இது தெரியும். அடுத்து, "வேறொரு டிரஸ்ட் பெயரில் வாங்கிக்கொள்ளலாம்" என்பார். அதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். பணம் அங்கே போகும், கணக்குக் கேட்டு உங்களிடம் வருவார்கள். சிஎஸ்ஆர்-1 பதிய ஒரு ஆடிட்டர் போதும். கமிஷன் கேட்கிறவர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தோட்டத்துக்கு வருவோம். சக்கர நாற்காலி அடியில் நுழைகிற, மேஜை போலக் கால் வைத்த தொட்டிதான் உங்களுக்குத் தேவை. நீளம் 120 செ.மீ., அகலம் 60 செ.மீ., ஆழம் 15 செ.மீ. தொட்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 68 முதல் 70 செ.மீ. உயரத்தில் இருந்தால் முழங்கால் இடிக்காது. அகலம் 60-ஐத் தாண்டினால் எதிர்ப்பக்கச் செடிக்குக் கை எட்டாது. ஆழத்தைக் கூட்டினால் மேல்மட்டம் நெஞ்சுக்கு ஏறி, பத்து நிமிடத்தில் தோள் வலிக்கும். 15 செ.மீ. மண்ணில் அரைக்கீரை, சிறுகீரை, கொத்தமல்லி, புதினா நன்றாக வரும். தக்காளி, கத்தரி சரியாக வராது. ஈரமண்ணோடு ஒரு தொட்டி நூறு கிலோவைத் தாண்டும் என்பதால் கால்கள் இரும்பாக இருக்கட்டும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும், அந்தத் தண்ணீர் மடியில் சொட்டாதபடி ஓட்டைகள் எதிர்ப்பக்க ஓரமாக இருக்க வேண்டும். பாதை 120 செ.மீ. அகலம், நாற்காலி திரும்புகிற இடத்தில் 150.

செம்மண், மக்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம அளவு. நார்க்கழிவுக் கட்டியை அப்படியே உடைத்துப் போடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. அதில் உப்பு இருக்கும். இலை ஓரம் தீய்ந்து, நாற்று ஒரு வாரத்தில் சாய்ந்துவிடும். நட்டவர் தன் கை ராசி சரியில்லை என்று ஒதுங்கிவிடுவார். இரவு ஊறவைத்து, பிழிந்து, மூன்று தண்ணீர் மாற்றுங்கள். 5 கிலோ கட்டி ஏறக்குறைய இரண்டு தொட்டிக்குக் காணும்.

பிடிமானம் குறைந்த கைக்குக் கொத்துக்கரண்டியின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்குங்கள். கீரை விதையை மணலோடு கலந்து மூடியில் ஓட்டையிட்ட டப்பாவில் போட்டுக் கொடுத்தால் தூவ எளிது. தண்ணீருக்கும் ஓட்டையிட்ட மூடியுள்ள அரை லிட்டர் பாட்டில் போதும்.

மிக முக்கியமான ஒன்று: உணர்ச்சியில்லாத கால். வெயிலில் காய்ந்த தொட்டிக்கால் முழங்காலில் பட்டால் நமக்குச் சுரீரென்று இருக்கும், அவருக்குத் தெரியவே தெரியாது. மாலையில் உடை மாற்றும்போதுதான் கொப்புளம் தெரியும். அது புண்ணாகி ஆற மாதக்கணக்காகலாம். அதனால் தொட்டி நிழலில் இருக்கட்டும், தொட்டியின் இரும்பு விளிம்புக்கும் இரும்புக் கால்களுக்கும் டியூப் சுற்றுங்கள். மதிய வெயில் வேண்டாம், காலை 7 முதல் 9 வரை போதும். பாதிப்பு மேல்முதுகில் இருப்பவருக்கு அதற்குக் கீழே வியர்க்காது, உடல் சீக்கிரம் சூடேறும். கால் மணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். வேலை முடிந்ததும் கை, கால், பாதத்தைக் கண்ணால் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சர்க்கரை நோயாளிகளின் மரத்துப்போன பாதத்துக்கும் இதே விதிதான். அவர்கள் மழைக்காலத்தில் கையுறையும் காலணியும் இல்லாமல் மண்ணைத் தொடக் கூடாது. மண்ணிலுள்ள ஒரு பாக்டீரியா மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தரும். காய்ச்சல் விடாமல் இருந்தால் மண்ணில் வேலை செய்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

திறப்பு விழாவுக்கும் பெயர்ப்பலகைக்கும் பணம் தர ஆள் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து தண்ணீர் ஊற்றுகிறவருக்குச் சம்பளம் கேட்டால் 'அதற்குச் செலவுத் தலைப்பு இல்லை' என்கிறார்கள். தோட்டம் சாவதே அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான். நன்கொடை கேட்கும்போது இந்தச் சம்பளத்தை முதல் வரியில் எழுதுங்கள்.

இரண்டே தொட்டியோடு தொடங்குங்கள். வெல்டிங் பட்டறைக்கு, அதில் உட்காரப் போகிறவரை நாற்காலியோடு அழைத்துப் போங்கள். தரையிலிருந்து அவர் தொடையின் மேல்பக்கம் வரை அளந்து, 5 செ.மீ. கூட்டி, அந்த உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்ட பிறகு இரும்பை வெட்டச் சொல்லுங்கள்.