மலையேறும் பழைய புல்லட்டுக்கு எந்த ஷாக் அப்சார்பர் வாங்கலாம்?

கேள்வி: என்னிடம் 1997-இல் வாங்கிய புல்லட் 350 இருக்கிறது, வார்ப்பிரும்பு எஞ்சின். வீடு கோத்தகிரிக்குப் பக்கத்தில். வாரத்துக்கு மூன்று முறையாவது மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிறேன். என் எடை 80 கிலோ, மனைவியின் எடை 60 கிலோ. சில நாள் பின்னால் 30 கிலோ காய்கறி மூட்டை இருக்கும். வேகத்தடையில் பின்பக்கம் ‘தட்’டென்று அடிக்கிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் துள்ளுகிறது. மெக்கானிக் ஸ்பிரிங் வளையத்தைக் கடைசிப் படிக்கு ஏற்றிவிட்டார். மனைவிக்கு முதுகுவலி வந்ததுதான் மிச்சம். வலது ஷாக்கில் மட்டும் எண்ணெய் கசிகிறது. கோவையில் விசாரித்தபோது அசல் உதிரிபாகம் ஜோடி 3,800 ரூபாய், பக்கவாட்டில் சிறு உருளை வைத்த பளபளப்பான ஜோடி 2,900, வெளிநாட்டு கேஸ் ஷாக் 15,000 என்றார்கள். ஐயாயிரத்துக்கு மேல் என்னால் முடியாது. எதை வாங்குவது? கசிகிற ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா?

பதில்: 3,800 ரூபாய் ஜோடியை வாங்குங்கள். மீதிப் பணத்தைக் கையில் வைத்திருங்கள், அதற்கும் வேலை வரலாம். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம். இவ்வளவுதான் பதில் என்றாலும், காரணம் தெரியாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் வேறொன்றைக் கையில் கொடுத்துவிடுவார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஷாக் அப்சார்பர் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. வெளியே சுற்றியிருக்கும் ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் டேம்பர், அதாவது எண்ணெய் நிரம்பிய குழாயும் அதற்குள் ஓடும் தண்டும், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. அமுங்கிய ஸ்பிரிங் தன் போக்கில் விட்டால் எகிறும். சிறு துளைகள் வழியே எண்ணெய் பிதுங்கிப் போக வேண்டியிருப்பதால்தான் அது நிதானமாகத் திரும்புகிறது. உங்கள் வண்டியில் வலது பக்கம் எண்ணெய் போய்விட்டது. இடது பக்கமும் அதே வயதுதான். கசியாவிட்டாலும் உள்ளே எண்ணெய் நீர்த்திருக்கும், வால்வு தேய்ந்திருக்கும். ஆகவே பின்சக்கரத்தை இப்போது ஏறக்குறைய வெறும் ஸ்பிரிங்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த நிலையில், ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் படிவைத்த வளையத்தை மேலேற்றியது ஏன் நிலைமையை மோசமாக்கியது என்று பாருங்கள். வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். ஆகாது. ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஸ்பிரிங்கை 1 மி.மீ. அமுக்க 2 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து 4 கிலோ. உங்கள் மனைவி ஏறி உட்கார்ந்தால் வண்டி 15 மி.மீ. இறங்கும். வளையம் முதல் படியில் இருந்தாலும் கடைசிப் படியில் இருந்தாலும் அந்த 15 மி.மீ. மாறாது. இறக்கம் தொடங்கும் உயரம்தான் மாறும். வண்டியின் பின்பக்கம் தூக்கி நிற்கிறது; பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடர்வதற்கான இடம் குறைகிறது; அடக்க டேம்பரும் இல்லை. உட்கார்ந்திருப்பவரின் முதுகில் அது குத்தாக இறங்குகிறது.

மலையில் இது இன்னும் கெடுதல். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் முன் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. அப்போது சிறு குழி ஒன்றில் விழுந்தால்கூட அடக்கப்படாத ஸ்பிரிங் சக்கரத்தைத் தரையிலிருந்து உதைத்துவிடும். தரையில் இல்லாத சக்கரத்தில் பிரேக் பிடித்தால் அது பூட்டிக்கொள்ளும். நீங்கள் துள்ளல் என்று எழுதியிருப்பது இதைத்தான். கொண்டை ஊசி வளைவில், ஈரச் சாலையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அதனால் ஷாக் மாற்றும் வரை வளையத்தை இரண்டு படி இறக்கிவிடுங்கள், மூட்டை ஏற்ற வேண்டாம், பின்னால் யாரையும் உட்கார வைத்து இறங்க வேண்டாம். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

இனிக் கடையில் உங்களுக்குக் காட்டப்பட்ட மூன்று ஜோடிகளுக்கு வருவோம்.

உருளை வைத்தது. நல்ல கேஸ் ஷாக்குகளில் அந்த உருளைக்கு உண்மையான வேலை இருக்கிறது. உள்ளே நைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கும். தொடர்ந்து மேடு பள்ளத்தில் ஓடும்போது எண்ணெய் நுரைத்துத் தன் பிடியை இழக்காமல் அந்த அழுத்தம் பார்த்துக்கொள்ளும். கூடுதல் எண்ணெய்க்கும் இடம் கிடைக்கும், சூடும் தணியும். ஆனால் 2,900 ரூபாய் ஜோடிகள் பலவற்றில் அந்த உருளை வெறும் அலங்காரம். உடம்போடு உள்வழித் தொடர்பே இருக்காது. குன்னூரில் நான் பட்டறை வைத்த புதிதில் இப்படி ஒரு ஜோடியை என் சொந்த வண்டிக்கு வாங்கிப் போட்டேன். ஐப்பசி மழை முடிவதற்குள் தண்டின் குரோம் பூச்சு புள்ளி புள்ளியாக அரித்து, ஆயில் சீலைக் கிழித்து, இரண்டு பக்கமும் ஒழுகத் தொடங்கியது. கழற்றி அறுத்துப் பார்த்தபோது உருளைக்குள் காற்றைத் தவிர எதுவும் இல்லை. அன்று முதல் ஷாக்கின் மதிப்பை நான் அதன் தண்டை வைத்துத்தான் எடைபோடுகிறேன். நீங்களும் கடையில் ரப்பர் தடுப்பைச் சற்று விலக்கித் தண்டைப் பாருங்கள். கண்ணாடி போல ஒரே சீராக மின்ன வேண்டும். நகத்தால் மேலிருந்து கீழாக இழுத்தால் எங்கும் தடுக்கக் கூடாது. நம் மலையில் கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. எங்கிருந்தாலும் வருடத்தில் பல மாதம் தண்டின் மேல் ஈரச் சேறு படிந்துகொண்டே இருக்கும். பூச்சு மட்டமானால் சீல் தாக்குப்பிடிக்காது.

வெளிநாட்டு கேஸ் ஷாக் நல்ல பொருள்தான். தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ் போன்றவை ஓட்டத்தில் தெளிவான வித்தியாசம் காட்டுகின்றன. என்றாலும் கேஸ் ஷாக் வாங்குவதற்கு முன் அதைப் பிரித்துச் சரிசெய்ய அருகில் ஆள் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். நைட்ரஜன் நிரப்பும் வசதியில்லாத ஊரில் சீல் போனால் அந்தப் பதினைந்தாயிரமும் போனதுதான். 160 கிலோவுக்கு மேல் எடையுள்ள, நிதானமாக ஓடுகிற உங்கள் வண்டிக்கு நல்ல எண்ணெய் ஷாக் போதும். கேப்ரியல் போன்று வாகன நிறுவனங்களுக்கே ஷாக் செய்துதரும் பெயர்கள் இருக்கின்றன. நிறுவனத்தின் அசல் உதிரிபாகமோ, அப்படிப்பட்ட பெயரில் வரும் சரியான மாதிரியோ எதுவானாலும் சரி. போலிகளும் உலவுவதால் பில்லோடு வாங்குங்கள்.

பழைய ஷாக்கையே பிரித்து எண்ணெய் மாற்றித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். திருகு மூடியுள்ள பழைய எண்ணெய் ஷாக்கில், தண்டு கெடாமல் இருந்தால், இது சிக்கனமான நல்ல வேலை. மடித்து மூடிய உடம்பை அறுத்துப் பற்றவைக்கிற வேலைக்கு உடன்படாதீர்கள். கேஸ் ஷாக்கை அப்படி அறுப்பது ஆளையே கொல்லக்கூடியது. வீட்டில் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். அழுத்தி வைக்கப்பட்ட ஸ்பிரிங் பிடி நழுவினால் தாடை உடையும்.

கடைக்குப் போகும்போது பழைய ஷாக் ஒன்றைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அசல் என்றாலும் ஆண்டுக்கு ஆண்டு மாற்றங்கள் உண்டு. ஷாக்கின் இரு முனையிலும் போல்ட் நுழையும் வளையத்தைக் கண் என்போம்; மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடு வரை உள்ள நீளம் முக்கியம். சில மி.மீ. கூடக் குறைய இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், 10 மி.மீ.க்கு மேல் போனால் வண்டியின் குணமே மாறும். நீளமானால் பின்பக்கம் தூக்கி, ஹேண்டில் படபடக்கும், சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தரையை விட்டு எழாது. குட்டையானால் டயர் மட்கார்டில் உரசும், வளைவில் சைலன்சர் தரையைத் தேய்க்கும். அடுத்து, கண்ணுக்குள் இருக்கும் புஷ்ஷின் உள்துளையும் கண்ணின் அகலமும். வர்னியர் காலிப்பரில் ஒரு நிமிட வேலை. துளை பெரிதாக இருந்தால் டின் தகட்டைச் சுருட்டிச் செருகி ஒப்பேற்றுவார்கள். அனுமதிக்காதீர்கள்.

‘ஹெவி டியூட்டி ஸ்பிரிங் போட்டுத் தரட்டுமா’ என்றும் கேட்பார்கள். மூட்டை ஏற்றுகிறவர் என்று தெரிந்தால் கட்டாயம் கேட்பார்கள். இங்கே ஒரு விஷயத்தை மனத்தில் வையுங்கள்: ஸ்பிரிங்கின் கடினம் அதன் கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. மற்றதெல்லாம் ஒன்றாகவே இருக்க, கம்பி 7 மி.மீ.யிலிருந்து 8 மி.மீ. ஆனால் ஸ்பிரிங் 70 சதவீதம் கடினமாகிவிடும். பார்வைக்கு ஒரு மி.மீ. தடிமன்தான் கூடியிருக்கும். தனியாகப் போகும் நாளில் வண்டி மரப்பலகை போல நடக்கும். அந்த ஸ்பிரிங்கின் எகிறலைச் சாதாரண ஸ்பிரிங்குக்கென்று அமைந்த டேம்பரால் அடக்கவும் முடியாது. மூட்டையைப் பின் அச்சுக்குப் பின்னால் தொங்கவிடாமல், இருக்கையின் மேல் முன்தள்ளிக் கட்டுங்கள். அச்சுக்குப் பின்னால் தொங்கும் 30 கிலோ பின்சக்கரத்தை 30 கிலோவுக்கு மேல் அழுத்தி, முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். ஏற்றத்தில் ஹேண்டில் லேசாகத் தோன்றியிருக்குமே, அது இதனால்தான்.

பணத்தைக் கையில் வைத்திருக்கச் சொன்னேன் அல்லவா. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஷாக் இரண்டையும் கழற்றிவிட்டு, பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டச் சொல்லுங்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் அடியில் ‘லொடக்’ என்று ஆடினால் அதன் புஷ் தேய்ந்திருக்கிறது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டியில் இது தேயாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அது கெட்டிருக்கப் புது ஷாக் மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் நெளிவது நிற்காது, பழி ஷாக்கின் மேல் விழும். சக்கர பேரிங்கையும் அப்போதே பார்த்துவிடலாம். பின் டயர் காற்று தனியாகப் போனால் 28 பிஎஸ்ஐ, இருவர் போனால் 30 முதல் 32 வரை. அந்த ‘தட்’டில் ஒரு பங்கு காற்றுக் குறைவாலும் வந்திருக்கலாம்.

மாட்டும்போது சில சொற்கள். ஸ்விங் ஆர்ம் சரிபார்ப்பு முடிந்ததும் ஒரு பக்கத்தை மாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால் துளைகள் நேராக நிற்கும். புது எண்ணெய் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை அமுக்கி விடுங்கள். படுக்க வைத்திருந்தபோது உள்ளே நுழைந்த காற்று மேலே போய்விடும். சாதாரண இரட்டைக் குழாய் ஷாக்கைத் தலைகீழாக மாட்டவே கூடாது, டேம்பர் வேலை செய்யாது. ரப்பர் புஷ் உள்ள நட்டுகளைக் கையால் முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, நீங்கள் உட்கார்ந்த பிறகு கடைசி முடுக்கு முடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். மார்கழி, தை விடியலில் புது ஷாக் விறைப்பாகத் தோன்றினால் பயப்பட வேண்டாம். குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கும்; இரண்டு மூன்று கிலோமீட்டரில் இளகிவிடும்.

பிறகு ஓர் அளவு எடுக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கும்போது, அச்சிலிருந்து நேர்மேலே இருக்கைச் சட்டத்தில் ஒரு புள்ளி வரை டேப்பில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை இறக்கி, நீங்களும் மனைவியும் உட்கார்ந்து, வேறொருவரை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் எடைக்கு வண்டி இறங்கும் தூரம். ராயல் என்ஃபீல்டின் முந்தைய தலைமுறை கிளாசிக் 350-இல் பின்சக்கரத்தின் மொத்த ஏற்ற இறக்கம் 80 மி.மீ.; உங்கள் வண்டிக்கும் அதையே வைத்துக் கணக்குப் போடலாம். அதில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20 முதல் 27 மி.மீ. வரை இறங்கினால் சரி. வளையம் இருப்பது இந்த அளவைக் கொண்டுவருவதற்குத்தான். நீங்கள் தனியாக ஒரு முறையும் இருவருமாக ஒரு முறையும் அளந்து, எந்தப் படியில் எந்த அளவு வருகிறது என்று வண்டிப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வையுங்கள். கடைசிப் படியிலும் இருவருக்கு 35 மி.மீ. தாண்டி இறங்குகிறது என்றால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள், ஸ்பிரிங்கைப் பற்றி அப்போது யோசிப்போம்.